தை மாதத்துக்கு ஒரு தோட்டம்

நியூஜெர்சியில் தமிழ்க்காரர் வீட்டுக் கொல்லையைக் கோடையில் மட்டும்தான் பார்க்க வேண்டும். ஜூலையில் பந்தலில் புடலங்காய் தொங்கும், வெண்டை ஆள் உயரத்துக்கு நிற்கும், தொட்டியில் கறிவேப்பிலை வெயில் காயும். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் உறைபனி விழும். மறுநாள் காலையில் அத்தனையும் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடக்கும். அதற்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் அங்கே இருப்பது கோணலாக ஒரு பந்தல், அதில் சுருண்டு காய்ந்த கொடிகள், கவிழ்த்து வைத்த பக்கெட்டுகள். பார்சிப்பனியில் எங்கள் வீட்டுக் கொல்லையும் இப்படித்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு நேர் எதிரே ஜன்னல் என்பதால், ஒவ்வொரு குளிர்காலமும் அந்த அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் பாத்திரம் தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டே புலம்புவேன். புலம்புவதில் எனக்கு நல்ல தேர்ச்சி. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, விரல் நுனி வெடிக்கிறது, வெயிலைப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது, இது மனுஷன் இருக்கும் ஊரா என்பேன். என் கணவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்பார். அவர் காதில் எதுவுமே ஏறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஏறியிருக்கிறது. ஏறியதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு நாள் என் முன்னால் எடுத்துப் போட்டார். அதைச் சொல்வதற்கு முன்னால் தோட்டத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் நூலகத்தில் எனக்குப் பாதி நேர வேலை. திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்குவது. ஒரு ஜனவரியில் வேலைக்குப் போகும் வழியில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பனிக்கு நடுவே சிவப்பாக எதையோ பார்த்தேன். காரை ஓரம் கட்டி இறங்கிப் போனேன். செடிதான். ஒரு இலை கிடையாது, வெறும் குச்சிகள். ஆனால் அத்தனை குச்சியும் குங்குமத்தில் முக்கி எடுத்தது போலச் சிவப்பு. எவ்வளவு நேரம் நின்றேனோ, அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்கு நூலகத்தில் தோட்டக்கலை அலமாரியைப் பாதி காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் புத்தகங்கள் சொன்னதில் ஒன்று மனசில் அப்படியே பதிந்தது. குளிர்காலத் தோட்டத்தைக் குளிர்காலத்தில்தான் திட்டமிட வேண்டும். அதுவும் வெளியே நின்று அல்ல, வீட்டுக்குள்ளே நாம் அதிகம் நிற்கும் ஜன்னலிலிருந்து. அந்தக் குளிரில் யாரும் தோட்டத்தில் உலாவப் போவதில்லை அல்லவா. எனக்கு எந்த ஜன்னல் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டரைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வரைந்தேன். எது பச்சையாகவே நிற்கும், எதன் பட்டை அழகு, எதில் பழம் உதிராமல் தங்கும், எந்தப் புல்லை வெட்டாமல் விட்டால் காய்ந்த பிறகும் நிமிர்ந்து நிற்கும் என்று தேடித் தேடிக் குறித்தேன். மல்லிகையும் கனகாம்பரமும் பார்த்து வளர்ந்தவளுக்கு, பூவே இல்லாமலும் ஒரு தோட்டம் அழகாக இருக்கலாம் என்பது புதுப் பாடம். ஆனாலும் ஒரே ஒரு பூச்செடிக்கு இடம் வைத்தேன். விட்ச் ஹேசல் என்று பெயர். பிப்ரவரியில், தரையில் பனி கிடக்கும்போதே, மொட்டைக் கிளையில் பூக்கும். பூவைப் படத்தில் பார்த்தேன். பூத்தொடுக்கும் நாரை மஞ்சளில் தோய்த்துப் பொடிசாக நறுக்கிக் கிளையில் ஒட்டியது போல இருந்தது. அதை ஜன்னலுக்கு நேரே குறித்துக்கொண்டேன்.

காலண்டர் தாளைக் கணவரிடம் காட்டினேன். “நல்லா இருக்கு. பாக்கலாம்” என்றார். பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். வசந்தம் வந்தது. வழக்கம்போல் புடலங்காய் விதை போட்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை தோட்டத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு, காய் கூட்டாகித் தட்டுக்கு வருவதோடு சரி.

“விண்டர் கார்டன்னு ஏதோ ப்ளான் போட்டியே, அது என்னாச்சு?”

“காலண்டர் பின்னாடியே இருக்கு.”

“இந்த வருஷம் பண்ணிடலாமே. தை மாசத்துல பார்க்க நல்லா இருக்குமா?”

“அதென்ன தை மாசக் கணக்கு?”

“பொங்கல் வருதில்ல. இந்தத் தடவை வாசல்ல பொங்கல் வெச்சு நாலு பேரைக் கூப்பிடலாம்.”

நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, உருகியே போனேன். சமையலறை அடுப்பில் பொங்கல் வைத்து, புகைக்கு அலாரம் கத்தி, அதை ஒரு துண்டை வீசி வீசி அடக்கித்தான் எங்கள் பொங்கல்கள் நடந்திருக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த மனிதர் வாசலை நினைத்ததில்லை. வயசாக ஆக மனுஷனுக்கு ஒரு ரசனை வருகிறது என்று ஊரில் என் தங்கையிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டேன்.

நர்சரிக்கு என்னோடு வந்தார். தள்ளுவண்டியைத் தள்ளினார். ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று ஒரே கேள்விதான். “இது இந்த விண்டருக்கே நல்லா இருக்குமா, இல்ல வளர மூணு வருஷம் ஆகுமா?” சின்னச் செடியாக வாங்கி நட்டால்தான் வேர் நன்றாகப் பிடிக்கும் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் பெரியதாகவே எடுத்து வண்டியில் ஏற்றினார். வெயிட் பண்ண முடியாது என்றார். அதையும் ஆசையென்றே எடுத்துக்கொண்டேன்.

சண்டை வந்தது இடத்தில்தான். என் காலண்டர் தாளில் எல்லாமே சமையலறை ஜன்னலைப் பார்த்து இருந்தன. அவர் எல்லாவற்றையும் வாசலுக்கு, தெருவைப் பார்த்து, கொண்டுபோகச் சொன்னார்.

“பின்னாடி வெச்சா யார் பார்க்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேன்.”

அவர் சிரித்தார். நகைச்சுவைக்குச் சிரிப்பது போலச் சிரித்தார். நான் விட்டுக்கொடுத்தேன். சிவப்புக் குச்சி வாசலுக்குப் போயிற்று. காய்ந்து நிற்கும் புல் போயிற்று. விண்டர்பெர்ரி என்று ஒரு செடி, இலை உதிர்ந்த பிறகு கிளை முழுக்கச் சிவப்பு மணிகளாகப் பழம் நிற்கும், அதுவும் போயிற்று. பக்கத்தில் ஒரு ஆண் செடி இருந்தால்தான் அது காய்க்கும். ஆண் செடி காய்ப்பதுமில்லை, பார்க்க லட்சணமாக இருப்பதுமில்லை, அதனால் அதை கேரேஜ் ஓரம் மறைவாக வைப்பார்கள். இவரைக் கேட்டிருந்தால் அதையும் நடுவாசலில் வைக்கச் சொல்லியிருப்பார். விட்ச் ஹேசலை மட்டும் நான் விடவில்லை. அவர் ஆபீஸ் போயிருந்த ஒரு நாளில், நானே குழி தோண்டி ஜன்னலுக்கு நேரே நட்டேன். எங்கள் பக்கம் மான் தொல்லை அதிகம். மொட்டுகளை விட்டு வைக்காது. அதனால் சுற்றி நாலு கம்பு அடித்து வலை கட்டினேன்.

நவம்பரில் அக்கா வந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. எங்களுக்கு இந்த வீட்டை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட். அப்போது ஆரம்பித்த பழக்கம், அப்புறம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற அளவுக்கு வளர்ந்து அக்காவாகிவிட்டார். என் பிரசவ வலி முதல் மாமியார் வலி வரை அவருக்குத் தெரியாதது கிடையாது. வழக்கமாக நேரே சமையலறைக்கு வருகிறவர், அன்றைக்கு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“முன்னாடி சூப்பரா வந்திருக்கும்மா. அந்தப் பந்தலை மட்டும் பிரிச்சுடு, கண்ணை உறுத்துது. வாசல் லைட்டுக்குக் கீழ ரெண்டு தொட்டில பாக்ஸ்வுட் வை. பச்சையா, நிறைஞ்சு இருக்கும்.”

பந்தலைப் பிரித்தேன். பாக்ஸ்வுட் வாங்கி வைத்தேன். என் தோட்டத்தில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாரே என்று, போகும்போது ஒரு டப்பா நிறைய அடை கட்டிக் கொடுத்தேன்.

அந்த டிசம்பரை நான் குறை சொல்ல மாட்டேன். இலையெல்லாம் கொட்டி முடித்த பிறகு தோட்டம் ஒவ்வொன்றாகத் தன்னை வெளியே காட்டியது. மேகம் மூடிய நாளில்தான் சிவப்புக் குச்சிகள் அதிகம் சிவக்கும் என்று கண்டுபிடித்தேன். காய்ந்த புல்லில் காற்று போகும்போது, பட்டுப் புடவையை மடிக்கும் சத்தம் வந்தது. பழம் தின்ன ஒரு குருவிக் கூட்டம் வந்து பாதியைக் காலி செய்துவிட்டுப் போயிற்று. அவற்றின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வேலையிலிருந்து வரும்போது காரை கேரேஜுக்குள் விடாமல் தெருவில் நிறுத்தி, நடந்து வருவேன், பார்த்துக்கொண்டே வரலாமே என்று. அமெரிக்கா வந்த பிறகு முதல் தடவையாக நான் புலம்பாத மார்கழி அது. சந்தோஷமாக இருந்தேன்.

பொங்கலன்று வாசலில் கேஸ் அடுப்பு வைத்து, கையுறை போட்டுக்கொண்டு பொங்கல் வைத்தோம். அக்கா வந்து குலவை போட்டார். சொன்னபடியே செய்துவிட்டார் மனுஷன் என்று என் மனசு நிறைந்திருந்தது.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் நல்ல பனி பெய்தது. மறுநாள் பளிச்சென்று வெயில். நூலகம் தாமதமாகத் திறக்கும் என்று செய்தி வந்ததால் நான் வீட்டில் இருந்தேன். அவர் கிளம்பிப் போய்விட்டார். கதவு மணி அடித்தது. நடுத்தர வயதில், தாடி வைத்த ஒரு அமெரிக்கர், தோளில் கேமரா, கையில் மூன்று கால் ஸ்டாண்ட். என் கணவர்தான் வரச் சொன்னாராம். தோட்டம் முக்கியம், பனி உருகுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றாராம்.

அடுத்த வாரம் என் பிறந்தநாள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படம் எடுத்துச் சட்டம் போட்டுத் தரப்போகிறார் என்று நானே முடிவு கட்டினேன். நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். பாக்ஸ்வுட் மேலிருந்த பனியைத் தட்டினேன். எங்கே நின்றால் சிவப்புக் குச்சியில் வெயில் பட்டுப் பற்றி எரிவது போலத் தெரியும் என்று காட்டினேன். நடைபாதையில் கால் தடம் விழாமல் புல்லோரமாக நடக்கச் சொன்னேன். உங்களுக்கு நல்ல கண் என்றார். சின்னப் பெண் மாதிரி பூரித்துப்போனேன். உள்ளே வந்து டீ குடியுங்கள் என்றேன்.

டீயைக் குடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தவர், உள் அறைகளை இன்றைக்கே எடுக்கட்டுமா அல்லது சாமான்களை ஒழித்த பிறகா என்று கேட்டார். சுவரில் இருக்கும் குடும்பப் படங்களையும் நிலைப்படியில் தொங்கும் தோரணத்தையும் கழற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம். ஏஜென்டின் பெயரைச் சொன்னார். அக்காவின் பெயர். வியாழக்கிழமை வீடு விற்பனைக்கு வந்துவிடும், அதற்குள் படங்கள் வேண்டும் என்றார்.

எந்த வீடு என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். டீக் கோப்பையைக் கீழே வைத்தார். ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாக மடித்தார். ரொம்ப மன்னிக்க வேண்டும் அம்மணி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். இந்த விஷயத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்டது இன்று வரை அந்த ஒரு மனிதர்தான்.

சாயங்காலம் கணவர் வந்து ஷூவைக் கழற்றும்போது சொன்னேன்.

“போட்டோ எடுக்க ஆள் வந்தாரு.”

ஒரு ஷூ கையிலேயே இருந்தது. “நீ இன்னிக்கு லைப்ரரி போகலையா?” என்றார்.

அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் இரண்டாம்பட்சம். ஆனாலும் சொல்கிறேன். டெக்ஸாஸில், சுகர் லேண்ட் பக்கத்தில், ஒரு எனர்ஜி கம்பெனியில் பெரிய வேலை. ஜூலையிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது. மார்ச்சில் போய்ச் சேர வேண்டும்.

“எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். முடியறதுக்குள்ள வாயை விட்டா கண்ணு பட்டுடும். மார்கழில வீடு விக்கற பேச்சே எடுக்காதேன்னு அம்மா வேற சொன்னாங்க. தை பிறந்ததும் போட்டுடலாம்னு.”

நியூஜெர்சியில் வீடு விற்கிறவர்கள் ஏப்ரல், மே என்று எல்லாம் பூத்துக் குலுங்கும்போது விற்பார்கள். ஜனவரியில் மொட்டை மரங்களுக்கு நடுவே நிற்கும் வீட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மார்ச்சில் அவருக்கு வேலை, மார்கழி ஆகாது என்று திருச்சியில் அவர் அம்மா. மிஞ்சியது தை. தையில் வீடு பளிச்சென்று இருக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தயாராக இருந்தது.

கண் படும் என்பதை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் அந்த பயம் உண்டு. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாங்கள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இந்த வீட்டுக்கே சாவி கையில் வந்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குச் சொன்னோம். அப்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், ஊர் மறு பக்கம். போனில் யாராவது துருவினால் நான் மழுப்ப, அவர் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்குவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் மிக நெருக்கமாக இருந்தது அந்த மாதிரி நேரங்களில்தான் என்றுகூடச் சொல்வேன். இந்தத் தடவை மாமியாருக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். படம் எடுக்க வந்தவருக்குத் தெரியும். ஊர் இருந்த இடத்தில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

“யார் கண்ணு படும்னு பயந்தீங்க? என் கண்ணா?” என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். வேறொன்று சொன்னார்.

“ஒவ்வொரு ஜனவரியும் நீதானே அழுத, இந்த ஊரே வேண்டாம்னு? அங்க குளிரே கிடையாது. முருங்கை வெளியிலேயே வளருமாம். கறிவேப்பிலை மரமா நிக்குமாம். எல்லாம் உன்னை நினைச்சும்தான் ஒத்துக்கிட்டேன்.”

இத்தனை வருஷத்து “ம்” எல்லாம் திரண்டு வந்தது போல இருந்தது. நான் புலம்பினது உண்மைதான். புலம்புவது சம்மதம் ஆகுமா? தலைவலி என்று சொன்னவள் தலையை வெட்டச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்களா? எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் தட்டை மட்டும் வைத்தேன், நான் சாப்பிடவில்லை. பெரிய தண்டனைதான் போங்கள்.

இதில் நெஞ்சைச் சுடுவது எது தெரியுமா? ஆகஸ்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, இப்படி ஒரு வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேன். இரண்டு நாள் அழுதுவிட்டுச் சரி என்றிருப்பேன். விற்பதற்குத்தான் தோட்டம் என்று சொல்லியிருந்தால் அதையும் நன்றாகவே போட்டுக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

காலேஜ் ஹாஸ்டலில் இருந்த மகளைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், “அம்மா, ஐ தாட் யூ நியூ. தாங்க்ஸ்கிவிங் அப்போ அப்பா என் ரூமை க்ளியர் பண்ணச் சொன்னாரே” என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு காரியம் நடக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. நானும்தான்.

அக்காவிடம் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது. “நான் என்னம்மா பண்ணட்டும்? க்ளையன்ட் சொல்லாதேன்னா சொல்ல முடியாது. ரூல்ஸ்” என்றார்.

“அப்ப நான் யாரு அக்கா? நானும்தானே க்ளையன்ட்?” என்றேன்.

“சண்டை போடாதம்மா. நல்ல மனுஷன். உன் நல்லதுக்குத்தான் பண்றார்.”

என் அடை டப்பா அப்போது அவர் வீட்டில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்கவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றிருக்கலாம். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஆனால் அவர் பழைய வேலைக்கு ராஜினாமா கொடுத்தாகிவிட்டது. நான் பிடிவாதம் பிடித்தால் அவர் அங்கே, நான் இங்கே, மகள் நடுவில் என்று ஆகும். போட்டேன். போட்ட கை என்னுடையதுதான், அதை இல்லை என்று சொல்லவில்லை.

வீடு பார்க்க ஆட்கள் வந்து போகும்வரை தாளிக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டார். பெருங்காய வாசனை சுவரில் ஏறிவிடுமாம். ரொட்டியும் சூப்புமாக நாட்களை ஓட்டினோம். தோரணத்தைக் கழற்றினேன். சாமி படங்களை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கொல்லையையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அக்கா சொல்ல, கணவர் ஒரு காலையில் பின்னால் போய்க் கண்ணை உறுத்துவதையெல்லாம் ஒழுங்கு செய்தார். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது விட்ச் ஹேசலைச் சுற்றி வலை இல்லை.

“அந்தக் காஞ்ச குச்சிக்கா வலை கட்டி வெச்சிருந்த?” என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

திரும்பக் கட்டலாம் என்று தேடினால், வலையைக் குப்பையோடு போட்டிருந்தார், குப்பை வண்டி வந்து போய்விட்டது. மறுநாள் காலை ஜன்னலில் நின்று பார்த்தேன். கிளை நுனியெல்லாம் கடிபட்டிருந்தது. பனியில் மான் குளம்புத் தடம். ஒரு மொட்டுகூட மிச்சமில்லை. பாத்திரத் தொட்டியில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. வீட்டை விற்கிற சேதி தெரிந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை.

வீடு உடனே விலை போயிற்று. இளம் தம்பதி, சேலம் பக்கத்துக்காரர்கள். “தோட்டம்தாம்மா வித்துச்சு” என்று அக்கா என் தோளைத் தட்டினார். ஒரே ஒரு செடியை மட்டும் தோண்டி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மண்ணில் வேர் விட்டது வீட்டோடு சேர்ந்தது, தொடக் கூடாது என்றார். அதுவும் ரூல்ஸ். காலண்டர் தாளை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

சுகர் லேண்ட் பற்றி அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. முருங்கை வேலிக்கு மேலே நிற்கிறது. கறிவேப்பிலையை யார் வேண்டுமானாலும் வந்து ஒடித்துக்கொண்டு போகிறார்கள். குளிர்காலம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. இந்த வீட்டில் பாத்திரத் தொட்டிக்கு எதிரே சுவர்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் பறித்த வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். பழைய வீட்டை வாங்கிய பெண்ணிடமிருந்து வாட்ஸப் வந்தது. அக்காவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறாள். ஒரு படம், கீழே இரண்டு வரி. “ஆன்ட்டி, கிச்சன் ஜன்னல் வெளியில இந்தச் செடி பனியிலயும் பூத்திருக்கு. இது பேர் என்ன? தினமும் இதைப் பார்த்துக்கிட்டேதான் பாத்திரம் கழுவறேன்.”

மஞ்சள். கிளை முழுக்க, ஒரு விரல் இடம் விடாமல். பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. உள்ளே நின்று எடுத்த படம். ஜன்னல் திண்டில் நான் வைத்துவிட்டு வந்த சின்னப் பித்தளை மணிகூட அப்படியே இருந்தது.

கணவர் காபியோடு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அட, அழகா இருக்கே. யார் வீடு இது?”

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

“பார்சிப்பனி வீடு.”

“நம்ம வீடா? இதை எப்ப வெச்ச?”

“நீங்க வலையைப் பிரிச்சீங்களே, அந்தக் காஞ்ச குச்சி.”

“ஓ.” காபியை ஒரு வாய் குடித்தார். “இங்கயும் ஒண்ணு வாங்கி வெச்சுடலாமே.”

“இங்க பூக்காது. அதுக்குக் குளிர் வேணும்.”

“குளிரா?” என்று சிரித்தார். ஆசையாகத்தான் சிரித்தார். “உனக்குத்தான் குளிரே ஆகாதே.”

நான் அந்தப் பெண்ணுக்குச் செடியின் பெயரை அனுப்பினேன். அங்கே மான் வரும், இந்த வருஷம் டிசம்பரிலேயே சுற்றி வலை கட்டிவிடு என்று எழுதினேன். வீட்டில் யார் சொன்னாலும் அதைப் பிரிக்க விடாதே என்றும் சேர்த்து எழுதினேன்.